காலி இருக்கைகள்

மரகதம் பஸ் ஜன்னல் வழியே கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே வந்தாள்.

மெல்ல, கணவரின் காதருகில். சலூன். சாவி ரிப்பேர். பழச்சாறு. கண் கண்ணாடி. ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் நிறுத்தி அவர் வாயைப் பார்த்தாள்.

“தா,” என்றார் அவர்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த ஓர் ஓசைதான். தண்ணீர் வேண்டும் என்றாலும் தா. ஃபேனைப் போடு என்றாலும் தா. வலிக்கிறது என்றாலும் அதுவேதான்.

பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைகளை விரித்துப் போட்டு, பேசியே விற்ற மனிதர். சேலை எடுக்க வந்தவளோடு துணைக்கு வந்தவளும் ஒரு பையோடுதான் படியிறங்குவாள்.

சற்று முன்புதான் ராயப்பேட்டையில், பேச்சுப் பயிற்சி தரும் பெண், இனி வீட்டிலேயே பழக்குங்கள் என்று சொல்லிவிட்டாள். படம் போட்ட அட்டைகளை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

இதுவரை அவள் வாசல்வரை வந்ததில்லை.

மரகதத்துக்குப் புரிந்துவிட்டது.

அட்டைகளைக் காட்டினால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் குடைப் படத்தைக் கசக்கி எறிந்தார். பிறகு அழுதார். அழுகைக்கு நடுவிலும் தா, தா என்றே வந்தது.

அதனால்தான் பலகைகள். ஆட்டோவின் முதுகில் எழுதியிருப்பது. பூக்காரி கூவுவது. சிக்னலில் பைக்கில் போகிறவன் திட்டுவதைக்கூட அவள் திருப்பிச் சொன்னாள். ஊர் முழுக்க வார்த்தை கொட்டிக் கிடக்கிறது. இவருக்கென்று ஒன்றுகூடவா இருக்காது?

“தையலகம்,” என்றாள். “பாருங்க, தை-ய-ல-கம்.”

“தா.”

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

லஸ் நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. நெரிசலோடு ஒரு பெண் அவர்கள் இருக்கை அருகே வந்து நின்றாள். நிறைமாதம். ஒரு கையில் சாப்பாட்டுப் பை. மறு கையால் மேல் கம்பியை எட்டுவதற்குள் பஸ் குலுங்கிக் கிளம்பியது.

அவர் எழுந்தார்.

வலது காலை இழுத்து, முன் கம்பியை இடது கையால் பற்றி, தடுமாறித்தான் எழுந்தார்.

“உக்காரும்மா,” என்றார்.

தெளிவாக. பழைய குரலில்.

அந்தப் பெண் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். போனை எடுத்தாள். பஸ்ஸில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது? இந்த ஊரில் யாராவது யாருக்காவது இடம் விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மரகதம் அவர் வாயையே பார்த்தாள்.

எத்தனை மாதமாகத் தன் புகைப்படத்தையே அவர்முன் நீட்டி, மரகதம், மரகதம் என்று தொண்டை வறளச் சொல்லியிருப்பாள். முகம்கூடத் தெரியாத ஒருத்திக்கு ஒரு சொல் சும்மா கிடைத்துவிட்டது.

அழுகை வந்தது. சந்தோஷம்தான். சந்தோஷம் மட்டும்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

எழுந்து அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“இப்ப என்ன சொன்னீங்க? இன்னொரு வாட்டி சொல்லுங்க.”

அவர் வாய் திறந்தது. நெற்றி நரம்பு புடைத்தது.

“தா.”

எதையோ கைதவறிக் கீழே போட்டுவிட்டவர்போல அவர் பஸ்ஸின் தரையைப் பார்த்தார்.

மந்தைவெளியில் நிறையப் பேர் இறங்கினார்கள். அந்தப் பெண்ணும் இறங்கினாள். இவர்கள் வீடும் அங்கேதான். அவர் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார். மரகதம் அவர் தோளை அழுத்தி, பழைய இருக்கையிலேயே, நடைவழி ஓரமாக உட்கார வைத்தாள். தான் ஜன்னல் பக்கம் நுழைந்துகொண்டாள். கண்டக்டர் கேட்டபோது, கடைசி ஸ்டாப் வரைக்கும் போகிறோம் என்றாள்.

இன்னும் நிறுத்தங்கள் இருக்கின்றன. யாராவது ஏறுவார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி. மூட்டுவலிக்காரர் ஒருவர். யாராவது இவர்முன் வந்து நின்றால் போதும்.

ஒரு கல்லூரிப் பெண் ஏறினாள். பின்னால் போய் உட்கார்ந்தாள்.

கோலை ஊன்றிக்கொண்டு ஒரு பெரியவர் ஏறினார். மரகதம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முதல் இருக்கையே காலியாக இருந்தது. அவரும் உட்கார்ந்துவிட்டார்.

அடையாறில் மீதிக் கூட்டமும் இறங்கியது. வெயில் இருக்கைகளின்மேல் விழுந்து கிடந்தது. நிற்பவர் என்று பஸ்ஸில் ஒருவருமில்லை. இன்னும் இரண்டு மூன்று நிறுத்தம்தான்.

மரகதம் எழுந்தாள். அவர் முழங்காலைத் தாண்டி நடைவழிக்கு வந்தாள். மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றாள்.

யாரோ ஒருத்திபோல.

“எல்லாம் காலியாத்தான கெடக்கு. ஏம்மா நிக்கிறீங்க?” என்றார் கண்டக்டர்.

அவள் திரும்பவில்லை. வளைவில் பஸ் சாய்ந்தபோது அவளும் சாய்ந்தாள். வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகவே தடுமாறினாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அந்த வேர்த்த முகத்தை. கலைந்த முடியை. கம்பியை இறுக்கிய விரல்களை. வெகுநேரம் பார்த்தார்.

பிறகு ஜன்னல் பக்கம் நகர்ந்தார். காலியான இடத்தை இடது கையால் தட்டினார்.

இடம் இருந்தது.

அவள் உட்காரவில்லை.

அவர் உதடுகள் பிரிந்தன.