பாதி வழி

"பிள்ளை யாரு வீட்டுல இருக்கணும்னு அவரையே சொல்லச் சொல்லுங்க மேடம்."

ஜீவிதா 'அவர்' என்று சொன்ன ஆள் அடுத்த நாற்காலியில்தான் இருந்தான். அவள் கணவன் பிரபு. கை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"என் வீட்டுலதான்னு அவங்ககிட்டச் சொல்லிருங்க மேடம்" என்றான் அவன், ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தபடி.

தலைமையாசிரியை தீபா பேனாவை மூடி வைத்தார். இருவரும் பிரிந்து ஒரு வருடம் ஆகிறதாம். நேரடிப் பேச்சுவார்த்தை கிடையாதாம். மகள் தமிழ்மதியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தவர்கள், கராத்தேயா பரதமா என்று அரை மணி நேரம் மல்லுக்கு நின்றார்கள். இந்தப் பள்ளியில் இரண்டும் இல்லை, யோகாதான் என்றதும் ஒருவழியாக அடங்கினார்கள். அதோடு விட்டிருக்கலாம். வேன் எந்த வீட்டுக்கு வரவேண்டும் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் தீபா.

"பிரபு சார், உங்களுக்கு எந்த ஊரு?"

"குஜிலியம்பாறைப் பக்கம் மேடம்."

"நீங்கம்மா?"

"சின்னாளபட்டி. நெசவுக் குடும்பம்."

ஒன்று அந்தக் கோடி, ஒன்று இந்தக் கோடி. நடுவில், பள்ளி இருக்கும் திண்டுக்கல். தீபாவுக்கு அப்போதே தலைவலி ஆரம்பித்துவிட்டது.

"மேடம், அவர் வீட்டுல வெயிலு அனலாக் கொதிக்கும். ஒரு குடம் தண்ணி வேணும்னாலும் அடுத்தவங்க தயவு வேணும். இல்லையான்னு கேளுங்க."

"குஜிலியம்பாறைப் பக்கம் தண்ணிக் கஷ்டம்தானேம்மா. அவர் என்ன பண்ணுவாரு? மழை பெய்யணும்ல" என்று பரிந்துகொண்டு வந்தார் தீபா.

"மழை எதுக்கு மேடம்? சில பேருக்கு மனசு இருந்தாப் போதும்" என்றான் பிரபு. "அவங்க வீடு மட்டும் என்ன வாழுதாம்? ராத்திரி பதினோரு மணி வரைக்கும் சீரியல். அந்தச் சத்தத்துல மனுசன் தூங்க முடியுதா? சோத்துக்கு வெஞ்சனமும் நேத்துக் கருவாடு, முந்தாநாளும் கருவாடு!"

"ராத்திரி ஒரு மணிக்கு ஒத்தையில உக்காந்து கேரம் ஆடுற ஆளு, பிள்ளையை விடியக்காலையில எழுப்பி விடுவாராக்கும்?"

இவ்வளவு விவரம் இவர்களுக்கு எப்படித் தெரிகிறது? தீபா குழந்தையைப் பார்த்தார். அது காலை ஆட்டிக்கொண்டு, மேஜை மேலிருந்த உலக உருண்டையைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது. இங்கே நடப்பதை அங்கேயும், அங்கே நடப்பதை இங்கேயும் போட்டுக்கொடுக்கும் ஆள் இதுதான் என்று முடிவு கட்டினார்.

"சரி, இப்ப எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"திங்கள், செவ்வாய், புதன் என்கிட்ட. மத்த நாள் அவர்கிட்ட" என்றாள் ஜீவிதா. "அவர் பாதி வழி கூட்டிட்டு வருவாரு. நான் பாதி வழி போயி வாங்கிக்குவேன். அவர் எல்லைக்குள்ள நான் காலு வைக்க மாட்டேன்."

"நானுந்தான்னு சொல்லுங்க மேடம்."

"பாதி வழின்னா, நம்ம பஸ் ஸ்டாண்டா?"

"பஸ்ஸு எதுக்கு மேடம்? நடந்துதான்" என்றாள் ஜீவிதா.

"நடந்தா!"

"அந்த வழியில ஒரு லைட்டு கூட இல்ல. போன மழையில பாசி பிடிச்சுக் கிடக்கு. பிள்ளை வழுக்கி விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டா. அதுக்கும் இவரு, 'நான் என் பாதியத் தேச்சுக் கழுவிட்டேன், அவங்க பாதியில பாசி இருந்தா நான் பொறுப்பில்ல'ங்கிறாரு."

"அன்னைக்கு இவங்க வர்றதுக்குச் செத்த நேரமாச்சு மேடம். பிள்ளை தனியாவே வந்துருச்சு."

தீபாவின் கண்முன் ஆறு வயதுப் பிஞ்சு ஒன்று புத்தகப் பையைச் சுமந்துகொண்டு, வழுக்குகிற வழியில், ஊர் விட்டு ஊர் இருட்டில் நடந்து போனது. பாதையைத் தேய்த்துக் கழுவுவது எப்படி என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. அவ்வளவு கோபம்.

மேஜையை ஓங்கித் தட்டினார். "நீங்கள்லாம் பெத்தவங்கதானா? யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுங்க. பிள்ளை ஒரே வீட்டுல இருந்து வந்தாத்தான் இங்க இடம். இல்லேன்னா கிளம்புங்க."

பிரபு முதன்முறையாக மின்விசிறியிலிருந்து பார்வையை இறக்கினான்.

"பிள்ளை இல்லாத நாள்ல அந்த ரூமுக்குள்ள இருக்க முடியல மேடம். அதான் கேரமே" என்றான்.

"எனக்கு மட்டும் முடியுதான்னு கேளுங்க மேடம். டி.வி.யப் போட்டுட்டு நான் என்ன நாடகமா பாக்குறேன்?" ஜீவிதா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள்.

தீபாவுக்கும் மனசு கேட்கவில்லை. பெரியவர்களிடம் கேட்டுப் பயனில்லை என்று குழந்தையின் பக்கம் குனிந்தார்.

"பாப்பா, நீயே சொல்லுடா. நீ சொல்ற இடத்துக்கு வேன அனுப்புறேன். குஜிலியம்பாறைக்கா, சின்னாளபட்டிக்கா?"

தமிழ்மதி உலக உருண்டையைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"அதெல்லாம் லீவுக்குப் போற ஊரு மிஸ். நாங்க இருக்கிறது இங்கதான், திண்டுக்கல் நாகல் நகர்ல. அம்மா கீழ் வீடு, அப்பா மொட்டைமாடி ரூம். நீங்க வாசல்ல வந்து ஹாரன் அடிக்கச் சொல்லுங்க, நான் எப்பவும் போல நடுப்படியிலதான் உக்காந்திருப்பேன்."