விரலகலம்

நியூ மெக்சிகோவின் அந்த மண்வீட்டு ஊரில், ஜாடி வனைகிற பெண்கள் அதன் கழுத்தைச் சுற்றி இழுக்கும் கருங்கோட்டை மூட மாட்டார்கள். விரலகலம் விட்டுவைப்பார்கள். உயிர் போய்வருகிற வழியாம் அது. மூடினால் வரைந்தவளின் ஆயுளும் முடிந்ததாம்.

பெனீனா இறந்த மூன்றாம் நாள், அவள் கடைசியாக வரைந்த ஜாடி புருஷன் சாந்தியாகோவின் கைதவறி உடைந்தது. பைன் பிசின் காய்ச்சி ஒவ்வொரு சில்லாக ஒட்டினான். ஒரு சில்லு மட்டும் குறைந்தது. கோட்டின் இரண்டு முனைகளும் அந்த ஓட்டையின் விளிம்பில் வந்து நின்றன.

பெனீனாவின் தங்கை அந்தச் சில்லை அடுப்படியில் கண்டாள். வரைந்த பக்கம் தரையில் கவிழ்ந்து கிடந்தது.

"திருப்புங்க அத்தான். அக்கா கோட்ட மூடிட்டாளான்னு பாத்துடலாம். சாவு வர்றது அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பா."

"உங்ககிட்டயா? பல்வலியவே சொல்லாதவ!"

சாந்தியாகோ குனிந்து, சில்லின்மேல் உள்ளங்கையை வைத்துத் தரையோடு அழுத்திக்கொண்டான். காய்ச்சிய பிசின் சட்டியில் இறுகிக்கொண்டிருந்தது.