கைராசி

“இன்னொரு தடவை திறந்து காட்டுங்க” என்றார் சால்வைக்காரம்மா.

இது ஏழாவது தடவை. பைக்கார அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் துணிப்பையை மறுபடி கையில் எடுத்தாள்.

பக்கத்துக் கடை முட்டைக்காரருக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. “உச்சி வெயில்ல சால்வை வேற. கையை வெளியில எடுக்கவே மாட்டேங்குதே, உள்ள வைரமா வச்சிருக்கு?” என்று தன் கோழி முட்டைகளிடம் முணுமுணுத்தார்.

அக்காவுக்கு இரண்டு கையிலும் மூட்டுவாதம். காலையில் விரல் மடங்காது. கால்மணி நேரம் வெந்நீரில் வைத்தால்தான் ஊசி பிடிக்க வரும். சந்தைக்கும் ஒரு பிளாஸ்க் வெந்நீரோடுதான் வருவாள். அதில் டீ இருக்கிறது, மரியாதைக்குக்கூட ஒரு வாய் நீட்ட மாட்டேன் என்கிறாளே என்று முட்டைக்காரர் ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்த அன்று அசடு வழிந்தார். அதிலிருந்து அவள் மேஜையைத் தூக்கி வந்து போடுவது அவர் வேலை.

இன்றைக்கு அந்த மேஜைக்கே ஆபத்து. தொடர்ந்து மூன்று வாரம் ஒரு போணிகூட ஆகாத கடையை எடுத்துவிட்டு, காத்திருப்பவருக்கு இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். சந்தைக் கமிட்டியின் சட்டம் அது. அக்காவுக்கு இது மூன்றாவது வாரம். மணி பன்னிரண்டரை. ஒரு மணிக்குச் சந்தை கலைந்துவிடும். கமிட்டிக்காரர் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு கடையாக விசாரித்துக்கொண்டே வந்துகொண்டிருந்தார்.

பை ஏன் போகவில்லை என்பது ஊருக்கே தெரியும். அதில் ஜிப் கிடையாது, பட்டன் கிடையாது. கட்டைவிரல் தடிமனில் ஒரு மரக்குச்சி, அதில் மாட்டப் பெரிய துணி வளையம், அவ்வளவுதான். “என்னது, மாட்டுக்கு முளை அடிச்ச மாதிரி!” என்று சிரித்துவிட்டுப் போனவர்கள் உண்டு. முளைப் பை என்றே பேராகிவிட்டது.

காலையில்கூட முட்டைக்காரர் சொல்லிப் பார்த்தார். “ஒரு ஜிப்பை வச்சுடுங்களேன் அக்கா.”

“ஜிப்பை என்னால இழுக்க முடியல தம்பி. என் கையால திறக்க முடியாத பையை அடுத்தவங்க கையில எப்படிக் கொடுக்கறது?”

“அப்ப நானே ஒண்ணு வாங்கிக்கறேன். போணி ஆன மாதிரி ஆச்சு.”

“வாங்கி? முட்டையை அதுல போட்டு விப்பீங்களா?”

“அது வந்து...”

“வேண்டாம். பரிதாபத்துல ஆகற போணி எனக்கு வேண்டாம்.”

அதில் மட்டும் அவள் ரொம்பக் கறார். ஒரு தடவை ஒருவர் அவள் விரலைப் பார்த்து உச்சுக் கொட்டி, பணத்தை வைத்துவிட்டுப் பையை எடுக்காமலே நடந்தார். வாசல்வரை துரத்திக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதிலிருந்து யார் வந்தாலும் கை மேஜைக்கு அடியில் போய்விடும்.

சால்வைக்காரம்மாவிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. வந்ததிலிருந்து பார்வை முழுக்க அவள் விரல் மேலேயே இருந்தது.

“முட்டி முட்டியா வீங்கியிருக்கே. வாதமா?”

“ஆமா” என்றாள் அக்கா, முகத்தை இறுக்கிக்கொண்டு. “அதுக்காக வாங்கறதா இருந்தா வேண்டாம்மா.”

“எத்தனை வருஷமா?”

“ஒன்பது.”

“இப்ப வலிக்குதா?”

“வலிக்குது.”

“அப்ப இன்னொரு தடவை திறங்க. மெதுவா. எந்த விரல் எங்க போகுதுன்னு நான் பார்க்கணும்.”

முட்டைக்காரர் எழுந்தே விட்டார். “ஏம்மா, வலிக்குதுங்கறாங்க, மறுபடியும் திறக்கச் சொல்றீங்களே! மனசுன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு? வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லேன்னா நடையைக் கட்டுங்க!”

“நீங்க சும்மா இருங்க தம்பி” என்றாள் அக்கா.

அவமானமாகத்தான் இருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் நாலு தையலுக்கு ஒரு தரம் கையை உதறிக்கொண்டு, ஆறு நாள் உட்கார்ந்து தைத்த பை அது. தைக்க முடிந்தவளுக்குத் திறக்கவா முடியாது? உள்ளங்கையின் ஓரத்தை வளையத்துக்குள் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினாள். முளை கழன்றது.

“போதுமா, இன்னும் பார்க்கணுமா?”

“போதும். மூடி மேஜை மேல வச்சுட்டு, கையை எடுத்துடுங்க.”

அக்கா வைத்தாள். சால்வை விலகியது.

முட்டைக்காரர் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்த கைகளில் பத்து விரலும் பத்துப் பக்கம் கோணிக்கொண்டிருந்தன.

அதில் ஒரு கையின் ஓரம் வளையத்துக்குள் நுழைந்தது. முதல் தள்ளில் வழுக்கிவிட்டது. அக்காவின் கை தன்னையறியாமல் உதவிக்கு நீண்டது.

“தொடாதீங்க!”

இரண்டாவது தள்ளில் முளை கழன்றது. அந்தம்மா திறந்த பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வீட்டுல எட்டுப் பை இருக்கு. எல்லாத்தையும் மருமகதான் திறந்து தரணும். உங்க கையால முடிஞ்சா என் கையாலயும் முடியும்னு தோணுச்சு. அதான் படுத்தி எடுத்துட்டேன்” என்றார். “இதையே எடுத்துக்கறேன். என் கைராசி எப்படியோ, தெரியாது.”

அதற்குள் கமிட்டிக்காரர் வந்து நின்றார். “என்னக்கா, இன்னிக்காவது போணி ஆச்சா?”

“இப்பத்தான் ஆச்சு” என்றார் அந்தம்மா.

அக்கா, இரண்டாம் தடவையாக அசடு வழிந்துகொண்டிருந்த முட்டைக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

“தம்பி, அந்தப் பிளாஸ்கைத் திறங்க. ரெண்டு பேர் கைக்கும் ஊத்துங்க.”