கண்ணாடியில் தொங்கிய துண்டு

கண்ணாடித் தொட்டியில் வளர்த்த டிஸ்கஸ் என்ற அலங்கார மீன்களின் முட்டைகள் இரண்டாவது முறையாகக் காணாமல் போனதும், கணக்காளருக்கு மச்சான்மேல் சந்தேகம் விழுந்தது. தினமும் தண்ணீர் மாற்றி, சூடு குறையாமல் பார்த்து, அந்த ஜோடியைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவர் அவர். ஒரு தடவையாவது குஞ்சுகளைப் பார்த்துவிட வேண்டும்.

“உன் தம்பி வந்ததுக்கு அப்புறம்தான் இப்படி நடக்குது.”

“மீன் முட்டையை எடுத்து அவன் என்ன ஆம்லெட்டா போடப்போறான்?” என்றாள் மனைவி.

மூன்றாவது முறை முட்டையிட்ட அன்று, தொட்டிக் கண்ணாடியை மறைத்துக்கொண்டு மச்சானின் துண்டு தொங்கியது.

“எதைடா மறைக்கிறே?”

“மாமா, அது வந்து...”

“வந்ததும் போனதும் எனக்குத் தெரியும். முதல்ல வெளியே போ.”

துண்டை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டு, தொட்டியை ஒட்டி நாற்காலியைப் போட்டு, கண்கொட்டாமல் காவல் இருந்தார்.

“நீங்க முறைக்கிற முறைப்புக்கு நானே ஓடி ஒளிஞ்சுக்குவேன்,” என்றாள் மனைவி.

முகம் கழுவிவிட்டு வருவதற்குள், தொட்டிக்குள் முட்டைகள் ஒட்டியிருந்த மண்சட்டி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மச்சான் இன்னும் வீடு திரும்பவில்லை. குழம்பிப்போய் மீன் கடைக்காரருக்குப் போன் செய்தார்.

“யாரும் எடுக்கல சார். பெத்ததுங்களே தின்னிருக்கும்.”

“பெத்ததே தின்னுமா?”

“கிட்ட நின்னு யாராவது உத்துப் பார்த்துக்கிட்டே இருந்தா, மிரண்டுபோய் முழுங்கிடும். கண்ணாடியில ஒரு துணியைப் போட்டு மறைங்கன்னு உங்க மச்சான்கிட்ட சொல்லியனுப்பினேனே. அவர் போடலையா?”

“போட்டான்,” என்றார் கணக்காளர், தோளில் கிடந்த துண்டைப் பார்த்தபடி.