நாற்பது கஜத்தில் ஒரு மான்

ஒஹாயோ மலைச்சரிவில் ஜனவரிக் காலை வெளுக்கிறது. விழுந்து கிடக்கும் ஓக் மரத்தின் பின்னால் மார்லீனும் அவள் தம்பி வெர்ஜிலும் படுத்திருக்கிறார்கள். இருவர் துப்பாக்கியிலும் குழல்வாய் வழியே வெடிமருந்தும் குண்டும் இடித்துத் திணித்தாயிற்று. ஆளுக்கு ஒரே ஒரு வெடி. அவனுடையது சொல்லிச் செய்வித்த புதுத் துப்பாக்கி, மேலே தொலைநோக்கி. அவளுடையது சிக்கிமுக்கிக் கல்லின் பொறியில் வெடிக்கும் பழைய வகை. நானூறு கஜத்துக்கு அப்பால் ஒரு மான் பனியை முகர்ந்துகொண்டு நிற்கிறது.

"அக்கா, இங்கிருந்தே அடிச்சிரட்டுமா? நாலு வருஷமா நீ வெறுங்கையோடதான் வீட்டுக்குப் போற."

"இந்த வருஷமும் போனா போறேன். நீ விரலை எடு."

முணுமுணுத்தபடி விசையிலிருந்து விரலை எடுக்கிறான். மான் நின்று நின்று வருகிறது. மார்லீனின் முழங்கை மரத்துப்போகிறது. நாற்பது கஜத்தில் அதன் மூக்கிலிருந்து ஆவி எழுவது தெரிகிறது. புஸ்ஸென்று அது மூச்சு விடுவதும் கேட்கிறது. அவள் விசையை இழுக்கிறாள். கல் உரசிப் பொறி பறக்க, வெடியின் வெண்புகை எல்லாவற்றையும் மூடுகிறது. புகை கலையும்போது மான் பனியில் சாய்ந்து கிடக்கிறது.

"நான் அப்பவே முடிச்சிருப்பேன்," என்கிறான் வெர்ஜில்.

"முடிச்சிருப்ப. அது மூச்சு விட்டது உன் காதுல விழுந்திருக்காது." அவள் எழுந்து முழங்கையில் ஒட்டிய பனியைத் தட்டுகிறாள். "எனக்கு விழுந்துச்சுடா."

வெர்ஜில் தொலைநோக்கிக்கு மூடி போடுகிறான்.