நேரத்துக்கு வராத மிசி

"மணி என்ன ஆவுது? மகாராணிக்கு இப்பதான் வழி தெரிஞ்சுச்சா?"

கலைமகள் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அதற்குள் சாமிநாதன் ஆரம்பித்துவிட்டார்.

பெம்பான் டயாலிசிஸ் நிலையத்தில் இது வழக்கமான கச்சேரி. இருந்த மிசிகள், அதாவது நர்சுகள், ஒவ்வொருவராகச் சிங்கப்பூருக்குப் போய்விட, சாயங்கால ஷிஃப்டுக்கு மிஞ்சியது கலைமகள் ஒருத்திதான். அவளும் தற்காலிகம். செர்காமில் ஒரு கிளினிக் வேலையை முடித்துவிட்டு அவள் வந்தால்தான் இங்கே மெஷின் ஓடும். ஒரு நாள் நாலரை, ஒரு நாள் ஆறு.

சாமிநாதனுக்கு அது ஆகாது. லோரி ஓட்டிய மனுஷர், வாயைத் திறந்தாலே புகார்தான். கலைமகளோ "சாரி அங்கிள்" என்று சிரித்துக்கொண்டே அவர் கையைத் தடவி ஊசி போட இடம் பார்ப்பாள். மற்ற நோயாளிகளுக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்த வாரம் வரி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நம்ம தமிழ்ப் பிள்ளைதான். தற்காலிக மிசிகளை வரிக் கணக்கில் எந்த வகையில் சேர்ப்பது என்று புதுசாகச் சட்டம் வந்திருக்கிறதாம். அவர் எழுதிக்கொண்டு போவதைப் பொறுத்துத்தான் சாயங்கால ஷிஃப்ட் இருக்கும், இல்லாவிட்டால் மூடிவிட வேண்டியதுதான். மூடினால் மலாக்கா டவுனுக்கு ஓடணும். அங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. டயாலிசிஸ் இல்லாமல் உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

நிலையத்தின் செயலாளர் சேகரன் அன்று நாற்காலி நாற்காலியாகப் போய் வந்தார். எல்லாரிடமும் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லி வைத்திருந்தார்.

"மிசியைப் பத்திக் கேட்பார். உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. அது போதும்."

அது எப்படிப் போதும்? உயிரைக் காப்பாற்றுகிற பிள்ளையை விட்டுக்கொடுக்க முடியுமா?

முதல் நாற்காலியில் இருசம்மாள். "எங்க மிசியா? டாண்ணு நாலு மணிக்கு வந்து நிப்பா தம்பி. ஒரு நாள் பிந்தினது இல்ல."

பக்கத்தில் இருந்த திலகா இன்னும் ஒரு படி மேலே போனாள். செயலாளர் கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டாள், லீவே போட மாட்டாள், இந்த நிலையத்தை விட்டால் அவளுக்கு வேறு இடமே தெரியாது என்று அளந்துவிட்டாள். அதிகாரி எழுத எழுத, சேகரனின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

கடைசி நாற்காலி சாமிநாதனுடையது. இந்த ஆள் காரியத்தையே கெடுக்கப் போகிறார் என்று திலகா பல்லைக் கடித்தாள்.

"நாலு மணியா? யார் சொன்னா? அவ இஷ்டத்துக்குத்தான் வருவா தம்பி. செக்ரட்டரி கேட்டா, 'முடிஞ்சாத்தான் வருவேன்'னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவா. காலையில எல்லாம் செர்காம்ல வேலை. போன தீபாவளிக்கு, வர முடியலன்னு அவளே வேற ஒரு மிசியைப் புடிச்சு அனுப்பி வச்சா. இங்க யாரு முதலாளின்னே தெரியலலா."

கலைமகள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கண் கலங்கிவிட்டது.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். இவ்வளவு குறை இருந்தால் ஏன் வேறு இடம் பார்க்கவில்லை என்று கேட்டார்.

"மகன் அலைஞ்சு திரிஞ்சு டவுன்ல இடம் புடிச்சுக் குடுத்தான். போய்ப் பார்த்தேன். ஊசி குத்துனா உசுரு போவுது. இந்தப் பொண்ணு குத்துனா தெரியவே தெரியாது. அதுக்கு எவ்வளவு நேரம்னாலும் காத்துக் கெடக்கலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா லேட்டு லேட்டுதான்."

அதிகாரி கலைமகளைக் கேட்டார். சாமிநாதன் சொன்னதெல்லாம் உண்மை என்றும், வருஷா வருஷம் வரியும் தானேதான் கட்டுவதாகவும் அவள் சொன்னாள். அதிகாரி முதலில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். சேகரன் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

கதவு சாத்தியதும் திலகா பிடித்துக்கொண்டாள். நன்றி கெட்டவர் என்றாள், தின்ற சோற்றில் மண் அள்ளிப் போட்டவர் என்றாள். இருசம்மாள் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

திரும்பி வந்த சேகரன் நேராகச் சாமிநாதனிடம் போய், ஊசி போடாத கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நாம நேரம் போட்டு வேலை வாங்கினா, சட்டப்படி மிசி நம்ம சம்பள ஆளு. சேமநிதி, இன்சூரன்ஸ்னு அந்தச் சுமை நம்ம நிலையத்துக்குத் தாங்காது, ஷிஃப்டை மூடணும். தன் இஷ்டத்துக்கு வந்து போனா, அது அவ சொந்தத் தொழில். அப்படித்தான் எழுதிட்டுப் போயிருக்காரு. நீங்க ரெண்டு பேரும் புகழ்ந்த புகழ்ச்சியில நான் செத்தேன்னு நெனச்சேன். அண்ணன் திட்டித்தான் நம்ம எல்லாருக்கும் உசுரு குடுத்திருக்காரு."

 

அடுத்த முறை கலைமகள் செர்காமிலிருந்து ஓட்டமாக ஓடி வந்து நாலு மணிக்கே நின்றாள். மூச்சு வாங்கியது.

"அங்கிள், உங்களுக்காகத்தான் இன்னிக்கு நேரத்தோட வந்துட்டேன்."

சாமிநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் வாடிப்போன முகத்தைப் பார்த்தார்.

"சோறுகூடத் தின்னிருக்க மாட்டே. போ, போயி சாப்பிட்டுட்டு நிதானமா லேட்டா வா. இனிமே நேரத்துக்கு வந்தேன்னா, நானே கம்ப்ளேன் பண்ணிருவேன்."