ஆறாம் நாள் காலை

அவள் கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினாள்.

மாத்திரைகளோடு ஒரு ஜோடித் துணி மட்டும்தான் விழுந்தது.

பச்சைச் சுடிதார். ஜிப் கவருக்குள் இருந்தது. கவரின் மேல் மார்க்கரில் அவள் கணவனின் கையெழுத்து: '6 காலை.'

அவனுடையது இல்லை.

குளியலறையில் அவன் தண்ணீரை மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. கூடவே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அந்தக் குரலில் பாட்டைக் கேட்டு எட்டு மாதம் ஆகிறது.

பெட்டியையும் திறந்து பார்த்தாள். அவள் பக்கம் '1 பகல்' முதல் '5 மாலை' வரை கவர்கள் அடுக்கியிருந்தன. அவன் பக்கமும் அப்படியே.

அவனுடைய ஆறு மட்டும் எங்கேயும் இல்லை.

நாளை மறுநாள் கப்பல். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இலங்கைப் பக்கம் சுற்றிவிட்டு, ஆறாம் நாள் காலை அதே துறைமுகத்தில் இறங்க வேண்டும். இரண்டு பேருக்கும் கப்பல் புதிது. அதனால் டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜெண்ட் இரண்டு பக்கத்துக்கு அறிவுரை அச்சடித்துக் கொடுத்திருந்தார்.

நேற்று முழுக்க அதை வைத்துக்கொண்டு அவன் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாகிவிடும். டிக் அடித்தான். வாந்தி மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். டிக். கடல் வெயில் தோலை உரித்துவிடும், தொப்பி கட்டாயம். டிக். அயர்ன் பாக்ஸ் கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்கும் ஒரு டிக்.

கடைசி வரியை மட்டும் அவளுக்காகச் சத்தமாகச் சொன்னான்.

"கடைசி ராத்திரியே பெட்டிய ரூம் வாசல்ல வெச்சிடணுமாம். அவங்களே எடுத்துட்டுப் போயிடுவாங்க. காலைல போட்டுக்க ஒரு செட்டு கைப்பையில தனியா இருக்கணும். இல்லன்னா நைட்டியோடதான் எறங்குவ நீ."

விழுந்து விழுந்து சிரித்தாள்.

நீ என்றான். நாம் என்று சொல்லவில்லை. நேற்று அது உறைக்கவில்லை.

மறந்திருப்பான் என்று நினைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இருபத்தாறு வருடமாக அம்பத்தூர் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். ஒரு நட்டு குறைந்தாலும் கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு வராதவன். அவன் ஒன்றை மறந்தான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

தருண் இறந்தது போன ஆயுத பூஜை லீவில். ஒரே பிள்ளை. பத்தொன்பது வயது, ஒல்லிக்குச்சி. அவன் சட்டைகள் இன்னும் பீரோவின் ஓரத்தில் தொங்குகின்றன.

அன்றைக்குக் காரை ஓட்டியது அவன் அப்பா.

அதற்கப்புறம் அவன் வாயைத் திறந்து பேசியது குறைவு. பிறகு போன மாதம் ஒருநாள் சிரித்த முகமாக வந்து கப்பல் டிக்கெட்டை நீட்டினான். மனுஷன் தேறிவிட்டான் என்று பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தாள்.

அந்த வாரமே அவளுக்குப் போனில் கேஸ் புக் பண்ணக் கற்றுக்கொடுத்தான். வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று காட்டினான். பிளம்பர் நம்பர், எலக்ட்ரீஷியன் நம்பர் எல்லாம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினான். வீட்டின்மேல் இப்போதாவது அக்கறை வந்ததே என்று பூரித்துப்போனாள், பைத்தியக்காரி.



அவன் அவளோடு ஏறுவான். அவளோடு இறங்கப் போவதில்லை.

ஏஜெண்டுக்குப் போன் போட்டாள்.

"சார், எங்களுக்கு பால்கனி ரூம் வேணாம். ஜன்னல் இல்லாத ரூமா மாத்திக் குடுங்க."

"சார்தாம்மா பால்கனிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. இப்ப கப்பல் ஃபுல்லும்மா."

கேன்சல் செய்துவிடலாம். செய்தால்? மொட்டைமாடிக் கதவைப் பூட்டலாம். அப்புறம் எதையெல்லாம் பூட்டிக்கொண்டிருப்பாள்?

தண்ணீர்ச் சத்தம் நின்றது. பாட்டும் நின்றது.

அவன் துண்டோடு வந்தான். கட்டிலில் கொட்டிக்கிடந்ததைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

அவள் ஒரு காலிக் கவரை நீட்டினாள். மார்க்கரையும் நீட்டினாள்.

"உங்க ஆறாம் நாள் சட்டைய எடுத்து வைங்க. இப்பவே. என் கண்ணு முன்னாடி."

அவன் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கவரை வாங்கிக்கொண்டு பீரோவைத் திறந்தான். அவனுடைய சட்டைகள் வரிசையாக மாட்டியிருந்தன. வெள்ளை, இளநீலம், கல்யாண நாளுக்கு அவள் எடுத்துக்கொடுத்த சந்தனக் கலர். ஏதாவது ஒன்றை எடுத்தால் போதும். காலர் கிழிந்ததானாலும் சரி.

அவன் கை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனது.

ஓரத்துக்குப் போய் நின்றது.

கட்டம் போட்ட சட்டை ஒன்றை உருவி எடுத்தான். கட்டிலில் விரித்தான். இரண்டு கைகளையும் உள்ளே மடக்கினான். சுருக்கம் விழாமல் நான்காக மடித்துக் கவருக்குள் வைத்தான். ஜிப்பை மூடினான். '6 காலை' என்று எழுதினான்.

பச்சைச் சுடிதாரை எடுத்து முதலில் பைக்குள் வைத்தான். அதன்மேல் இந்தக் கவரை வைத்தான். அறிவுரைத் தாளைத் தேடி எடுத்து, கடைசி வரிக்கு நேராக டிக் அடித்தான்.

"ஆச்சு" என்றான்.

தருணின் சட்டை அது. அவன் அப்பாவுக்கு அதில் ஒரு கைகூட நுழையாது.